கண்புரையும் மனச்சோர்வும்: அறுவை சிகிச்சையை மறுக்கும் அம்மாவை எப்படி அணுகுவது?

கேள்வி
கேட்பவர்: கரிசல்மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மாவுக்கு 71 வயதாகிறது. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். அடுத்த தெருவில் சித்தியின் குடும்பம் இருப்பதால் அன்றாடத் தேவைகளுக்குக் குறையில்லை. நான் கோயம்புத்தூரிலும் அண்ணன் ஓசூரிலும் வேலை பார்க்கிறோம். அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு கண்களிலும் புரை இருப்பதாகவும், வலது கண்ணில் அதிகம் இருப்பதாகவும் சென்ற ஆண்டு ஊரில் நடந்த முகாமில் சொன்னார்கள்.

அம்மா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்தவர். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதும், பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கோர்க்கச் சொல்லிச் சில மாதங்கள் சமாளித்தார். பிறகு தையலையே விட்டுவிட்டார். அடுத்ததாகச் சுய உதவிக் குழுக் கூட்டத்திற்குப் போவது நின்றது. எதிரில் வருபவர் யாரென்று தெரியாமல் பேசாமலே கடந்து போனதை, "மகனும் மகளும் சம்பாதிக்கிறார்கள் என்ற மிதப்பு" என்று ஊரில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது காதுக்கு வந்த நாளிலிருந்து வெளியே போவதே அரிதாகிவிட்டது. இப்போது சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தொலைபேசியில் பேசினால் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரிடம் சித்தி அழைத்துப் போனபோது, தூக்கம் வரவில்லை என்பதற்கு அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். கண்ணைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை.

அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றால், "எனக்கெதற்கு இனிமேல் கண்? இருக்கிற நாளை இப்படியே கழித்துவிடுகிறேன், உங்களுக்கு வீண் செலவு வைக்காதீர்கள்" என்கிறார். புரை நன்றாக முற்றிய பிறகு செய்வதுதான் நல்லது என்பது அண்ணனின் கருத்து. முதலில் மனம் தெளியட்டும், அதற்குப் பிறகு கண்ணைப் பார்க்கலாம் என்கிறார் சித்தி. மூன்று பேரும் மூன்று திசையில் நிற்கிறோம்.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். சில மாலைகளில் முற்றத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்கிறார். அவர்கள் பேசுவதில்லையாம், பக்கத்தில் போனால் மறைந்துவிடுகிறார்களாம். சித்தி இதற்காகக் கோயிலில் திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்து பூசியிருக்கிறார். இது மனநோயின் தொடக்கமா? கண்ணுக்கும் இந்தச் சோர்வுக்கும் தொடர்பு இருக்குமானால், எதை முதலில் கவனிக்க வேண்டும்? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில் 1
எழுதுபவர்: பழைய கண் உதவியாளர்

சகோதரிக்கு வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் அல்லன், ஆனால் முகாம்களில் உங்கள் அம்மாவைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகத் தீங்கு செய்வது அந்த எண்ணம்தான். "முற்றட்டும்" என்பது ஒரு காலத்தில் காரணத்தோடு சொல்லப்பட்ட சொல். அன்று கண்ணின் லென்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சோடா புட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அதைப் போட்டால் எல்லாமே பெரிதாகவும் வளைந்தும் தெரியும். மற்றக் கண்ணில் ஓரளவு பார்வை இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் கண் ஏறக்குறைய உதவாமல் போகும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949இல் தொடங்கினார். நம் நாட்டில் அது ஏழைகளுக்கு எட்டியது வெகு காலம் கழித்து, குறிப்பாக மதுரையில் 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி லென்ஸின் விலை குறைந்த பிறகுதான். இன்று முற்றும்வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. காத்திருந்தால் கெடுதலே உண்டு. புரை இறுகிப் பழுப்பேறிவிட்டால் அதை உடைத்து எடுக்க அதிக ஆற்றல் செலவிட வேண்டியிருக்கும், கருவிழி பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும். மிகவும் முற்றினால் லென்ஸிலிருந்து கசிவு ஏற்பட்டுக் கண்ணின் அழுத்தம் எகிறிவிடலாம். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு வந்திருக்கிறதா என்று அறிய மருத்துவர் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தாக வேண்டும். புரை அடர்ந்துவிட்டால் அந்தப் பார்வைக்கே வழி அடைபட்டுவிடும். இதை மட்டும் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள், அவர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, கண்ணுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பு. நீங்கள் எழுதிய வரிசையிலேயே விடை இருக்கிறது. நூல் கோர்க்க முடியாததால் வருமானமும் கைத்தொழிலின் பெருமையும் போயின. முகம் தெரியாததால் ஊராரின் உறவு போனது. புரை உள்ளவர்களுக்குப் பார்வைப் பலகையின் எழுத்துகள் ஓரளவு தெரிந்தாலும், நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். வெயிலுக்கு முதுகு காட்டி ஒருவர் எதிரில் வந்தால் அவருடைய முகம் கருநிழலாகத்தான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் லென்ஸின் பின்பக்கத்தில் வரும் புரையில் வெளிச்சத்தில் கண் கூசுவது மிகவும் அதிகம். பகல் வெளிச்சத்தில் போவதே தொல்லையாக இருக்கும். "மிதப்பு" என்று சொன்ன அந்த ஊர்க்காரரிடம் சித்தி நேரில் போய், "அக்காவுக்குக் கண்ணில் புரை, முகம் தெரியவில்லை, நீங்களே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் பாதிப் புண் ஆறிவிடும். எந்த மருந்தும் செய்யாத வேலை அது.

அறுவை சிகிச்சை மனத்துக்கும் உதவுமா என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைக் கடந்த பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனேயும் மற்றப் பிரிவுக்கு வழக்கமான காத்திருப்புக்குப் பிறகும் முதல் கண்ணில் அறுவை செய்து பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. உடனே செய்துகொண்டவர்கள் கீழே விழுவது 34 விழுக்காடு குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்து தன்னம்பிக்கை கூடியதும் பதிவாகியிருக்கிறது. முதுமையில் தவிர்க்கத்தக்க மறதி நோய்க் காரணங்களின் பட்டியலில், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சேர்த்தது. ஆகவே இது கண்ணோடு முடிந்துபோகிற சங்கதி இல்லை.

முற்றத்துக் குழந்தைகளைப் பற்றி நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. 1760இல் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் போனே என்ற அறிஞர், கண்புரையால் பார்வை மங்கிய தம் பாட்டனார், அறிவு முழுத் தெளிவோடு இருக்கும்போதே இல்லாத ஆட்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் கண்டதை எழுதி வைத்தார். அவருடைய பெயராலேயே இன்றும் இந்த நிலை அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளையின் காட்சிப் பகுதி தானாகவே உருவங்களை எழுப்புகிறது. பேசாத உருவங்கள், மங்கிய வெளிச்சத்தில் வருவது, கிட்டப் போனால் மறைவது ஆகிய மூன்றும் இதோடு பொருந்துகின்றன. இப்படிப் பார்ப்பவர்களில் பலர், தமக்குப் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி வெளியே சொல்வதே இல்லை. உங்கள் அம்மா சொன்னாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். அது கண்ணால் வருவது என்று அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். மாலையில் முற்றத்து விளக்கைச் சீக்கிரம் போடச் சொல்லுங்கள். ஆனாலும் மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள். உருவங்கள் பேசுவதாகவோ கட்டளையிடுவதாகவோ சொன்னாலும், காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் வந்தாலும், அது வேறு கணக்கு.

செலவைப் பற்றி ஒரு சொல். அரசு மருத்துவமனையிலும், தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ் அறநிறுவன மருத்துவமனைகள் நடத்தும் முகாம்கள் வழியாகவும் லென்ஸோடு சேர்த்து இலவசமாகவே செய்கிறார்கள். உங்களுக்குத் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையும் உண்டு, திருநெல்வேலியும் எட்டும் தொலைவுதான். "உங்களுக்கு வீண் செலவு" என்ற காரணத்தை இதைச் சொல்லியே நீக்கிவிடலாம். அதை நீக்கிய பிறகும் அவர் மறுத்தால், மறுப்புக்குப் பின்னால் இருப்பது பணம் இல்லை என்று தெரிந்துவிடும்.


பதில் 2
எழுதுபவர்: மனநலப் பணியாளர்

முந்தைய பதிலில் கண்ணைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக இருப்பவள் என்ற முறையில் மனத்தின் பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். ஓரிடத்தில் அந்தப் பெரியவரிடமிருந்து சற்று விலகியும் நிற்கிறேன்.

பார்வை குறைந்தவருக்கு வரும் வருத்தம் இயல்பானது. அதை நோய் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் வருத்தம் எங்கே நின்று, மனச்சோர்வு என்னும் நோய் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிய நான் வழக்கமாகக் கேட்பது ஒன்றுண்டு: கண்ணே தேவைப்படாத இன்பங்கள் அவருக்கு இன்னும் இன்பமாக இருக்கின்றனவா? தைக்க முடியாதவர் தைக்காமல் இருப்பதில் வியப்பில்லை. திருநெல்வேலி வானொலியில் பழைய பாட்டு கேட்பது, பேரனின் குரல், பிடித்த கருவாட்டுக் குழம்பு, சித்தியோடு திண்ணையில் ஊர்க்கதை பேசுவது ஆகியவற்றுக்குக் கண் வேண்டாம். அவையும் சுவையற்றுப் போய்விட்டன என்றால், அந்தச் சோர்வு கண்ணை விட்டுத் தனியாக வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீங்கள் எழுதியதில் உணவு பாதியானது, விடியலுக்கு முன்பே விழிப்பு வருவது, தொலைபேசியில் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வது ஆகிய மூன்றும் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் இருந்தால் மனநல மருத்துவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

முதியோருக்கான மனச்சோர்வுக் கேள்வித்தாள் ஒன்று 15 கேள்விகளோடு உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. அதில் பழைய வேலைகளையும் ஆர்வங்களையும் விட்டுவிட்டீர்களா, வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா என்ற வகைக் கேள்விகள் வருகின்றன. பார்வை மங்கியவர் மனம் நன்றாக இருந்தாலும் இவற்றுக்கு ஆம் என்றுதான் சொல்வார். அதேபோல நினைவாற்றலைச் சோதிக்கும் பொதுவான தேர்வுகளில் வாசிக்கவும் எழுதவும் படத்தைப் பார்த்து வரையவும் சொல்வார்கள். கண் தெரியாததால் மதிப்பெண் குறைந்து, மறதி நோய் என்ற முத்திரை வந்துவிடலாம். ஆகவே யார் சோதித்தாலும், "அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

இனி நான் விலகி நிற்கும் இடம். பணக் காரணத்தை நீக்கினால் மறுப்பின் உண்மை தெரிந்துவிடும் என்றார் அவர். உண்மைதான். ஆனால் "எனக்கெதற்கு இனிமேல் கண்" என்பது மனச்சோர்விலிருந்தே வரும் பேச்சாக இருக்கலாம். மனச்சோர்வு உள்ளவருக்கு எதிர்காலம் என்பதே கண்ணில் படுவதில்லை. தமக்காக எவரும் சிரமப்படக் கூடாது என்ற எண்ணம் மேலோங்கி நிற்கும். இப்படி நோயே ஒரு மனிதரின் குரலில் பேசும்போது, அதை அவருடைய இறுதி முடிவு என்று குடும்பம் ஏற்றுக்கொள்வது நியாயமாகாது. அதற்காக வற்புறுத்தி மேசையில் படுக்க வைக்கவும் கூடாது. கேள்வியை மூடிவிடாமல், மனம் சற்றுத் தெளியும் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் கேட்க வேண்டும்.

சித்தி சொல்வதுபோல மனத்தை முடித்துவிட்டுக் கண்ணுக்குப் போவது என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து மாதக்கணக்கில் நின்றுவிடும். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். கண் பரிசோதனையும் மனநலப் பரிசோதனையும் ஒரே மாதத்தில் நடக்கட்டும். இதில் ஒரு மருத்துவர் கொடுத்த மருந்தை மற்ற மருத்துவரிடம் காட்டுவது உங்கள் பொறுப்பு. அமிட்ரிப்டிலின் போன்ற சில பழைய மாத்திரைகள், கண்ணின் முன்பகுதியில் இடம் குறுகியிருப்பவர்களுக்குத் திடீரென்று கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். புரை உப்பிய கண்ணில் அந்த இடம் ஏற்கெனவே குறுகித்தான் இருக்கும். புதிய வகை மாத்திரைகளில் சில, முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துத் தள்ளாட்டமும் குழப்பமும் உண்டாக்கலாம். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

அல்பிரசோலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதியவருக்கு, அதுவும் கண் தெரியாதவருக்கு, இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது போதும். மனச்சோர்வுக்கு அது மருந்தும் அல்ல. ஆனால் நெடுநாள் எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரின் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எழுதக் கை கூசினாலும் எழுதியே தீர வேண்டிய ஒன்று: வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருக்கிறதா என்று சித்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மாத்திரை அட்டைகளையும் மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல் அளவாகக் கொடுக்கட்டும். "வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிறதா அம்மா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பேச ஒரு வழி திறக்கும். ஆம் என்ற விடை வந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். குடும்பத்தினர் ஆலோசனை கேட்கவும் அதைப் பயன்படுத்தலாம்.


பதில் 3
எழுதுபவர்: வடசேரி வாசகர்

மேலே இருவரும் எழுதியதற்குப் பிறகு மருத்துவம் பேச எனக்கு எதுவும் இல்லை. எங்கள் மாமியாருக்கு அறுவை முடிந்தபின் கண்ட இரண்டு சிறு சங்கதிகளை மட்டும் பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டு அவிழ்த்ததும் மகிழ்ச்சி பொங்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்வளவு சுருக்கமா?" என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தார். அடுத்து, அடுக்களைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணில் பட்டது. அதற்கு மருமகள்கள் நாங்கள் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். (பார்வை வந்ததற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்று கணவர் சொன்னார்.) வெள்ளைப் புடவை நீலம் பூத்ததுபோலத் தெரிகிறது என்பது அவருடைய இன்னொரு குறை. பழைய லென்ஸ் மஞ்சளேறி நீல ஒளியைத் தடுத்து வைத்திருந்தது, அது நீங்கியதும் அப்படித்தான் தோன்றும், சில வாரங்களில் பழகிவிடும் என்று விளக்கினார்கள்.

அறுவையைத் தள்ளிப்போடுவது நம் ஊர் அம்மாக்களுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று சொன்னார்கள். வண்ணங்களை உணரும் திறன் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் 1923 வரை அறுவையைத் தள்ளிவந்தார். செய்த பிறகும் நிறங்கள் மாறித் தெரிவதாகக் கசந்துகொண்டார், இரண்டாவது கண்ணுக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. அறுவைக்குப் பிறகு சில நாள் வரும் ஏமாற்றத்தைப் பார்த்துவிட்டு, "செய்தும் பயனில்லை" என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவிடம் பேச நீங்களோ அண்ணனோ சரியான ஆள் இல்லை என்பது என் எண்ணம். அதே தெருவில் அறுவை செய்துகொண்ட, அவர் வயதுடைய ஒரு பெண்மணியை அனுப்பிப் பாருங்கள். அப்படி ஒருவர் வந்து, ஊசி போட்டது வலித்ததா, பச்சைத் துணி எத்தனை நாள், தலைக்கு எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்று பேசிவிட்டுப் போன பிறகுதான் எங்கள் மாமியார் மசிந்தார்.


பதில் 4
எழுதுபவர்: வைப்பாற்றங்கரை

எல்லோரும் அறுவைக்குப் பிறகு நன்மை என்றே எழுதுவதால், மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

என் தந்தைக்குக் கண்புரையோடு கண் அழுத்த நோயும் இருந்தது. புரை திரையாக நின்றதால் நரம்பு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பது வெளியே தெரியவில்லை. அறுவை நன்றாகவே நடந்தது, லென்ஸும் சரியாகவே அமர்ந்தது, பார்வை மட்டும் எதிர்பார்த்த அளவில் கால் பங்குகூட வரவில்லை. "கட்டைப் பிரித்ததும் பளிச்சென்று தெரியும்" என்று உறவினர்கள் நாள்தோறும் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வாக்கு பொய்த்தபோது, அறுவைக்கு முன்பு இருந்ததைவிட அவர் இன்னும் ஆழமாக ஒடுங்கிப் போனார். மங்கலாகத் தெரிந்த காலத்தில் அவரிடம் ஒரு நம்பிக்கையாவது மிச்சம் இருந்தது.

ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, விழித்திரையும் கண் நரம்பும் எந்த நிலையில் உள்ளன, எவ்வளவு பார்வை வரும் என்று எதிர்பார்க்கலாம் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். புரை அடர்த்தியால் உள்ளே பார்க்க முடியவில்லை என்றால், ஒலி அலைக் கருவியால் விழித்திரை இடம் பெயராமல் இருக்கிறதா என்றாவது பார்ப்பார்கள். அதில் தெரிந்ததை அம்மாவிடம் உள்ளபடி சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

அப்பாவுக்குப் பின்னர் உதவியது குறைபார்வையாளர்களுக்கான சிகிச்சைப் பிரிவுதான். விளக்குப் பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடி, படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் நிறப் பட்டை, எண்களைத் தமிழில் உரக்கச் சொல்லும் கைபேசி அமைப்பு என்று சிறிது சிறிதாக அவர் தம் வேலைகளைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். பெரிய கண் மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. அறுவை முடிந்ததும் எவரும் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.


கேட்டவரின் பின்னூட்டம்
எழுதுபவர்: கரிசல்மகள்

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. இங்கே படித்ததை வைத்துச் செய்த சிலவற்றைத் தெரிவிக்கிறேன்.

முற்றத்துக் குழந்தைகள் கண்ணால் வருபவர்கள் என்று நான் தொலைபேசியில் விளக்கியதும் அம்மா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் எனக்குப் புத்தி கெடவில்லை அல்லவா?" என்று கேட்டார். அந்த அச்சத்தை இத்தனை நாளாக மனத்திலேயே வைத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூச்சிமருந்து டப்பா ஒன்று மாட்டுக்கொட்டகையில் இருந்தது; சித்தப்பா அதை எடுத்துப் போய்விட்டார். வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று சித்தி கேட்டதற்கு, சாக வேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் விடிந்து எழுவதில் அர்த்தம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். வானொலிப் பாட்டும் இப்போது பிடிக்கவில்லை என்பதால், மனநலப் பணியாளர் சொன்னபடி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி மாத்திரை தொடங்கியிருக்கிறோம். அல்பிரசோலத்தைக் குறைக்கும் கணக்கையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

கண் பரிசோதனையும் முடிந்தது. விழித்திரையில் சர்க்கரையின் தொடக்க நிலைப் பாதிப்பு மட்டுமே இருக்கிறது, நல்ல பார்வையை எதிர்பார்க்கலாம் என்றார்கள். அம்மா இன்னும் முழுமனதோடு சம்மதிக்கவில்லை. "ஒரு கண் மட்டும் செய்து பார்ப்போம், மற்றதைப் பற்றிப் பேசாதீர்கள்" என்கிறார். அதுவே பெரிது என்று எடுத்துக்கொண்டு வலது கண்ணுக்கு நாள் வாங்கியிருக்கிறோம். ஒரு கண்ணோடு நிறுத்திக்கொண்டால் போதுமா? அறுவை முடிந்த வாரங்களில் மனத்தளவில் எதைக் கவனிக்க வேண்டும்?


பதில் 5
எழுதுபவர்: பழைய கண் உதவியாளர்

நல்ல செய்தி. ஒரு கண்ணுக்கு அவர் சொன்ன சம்மதத்தை இப்போதைக்கு அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டாவதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். முதல் கண் தெளிந்ததும் மங்கலான கண்ணின் வேறுபாடு அவருக்கே தெரியும்; பெரும்பாலோர் தாமாகவே வந்து கேட்பார்கள். மருத்துவ முறையில் பார்த்தால் இரண்டாவது கண்ணுக்கும் பயன் உண்டு. இரண்டு கண்ணும் ஒத்துப் பார்த்தால்தான் படியின் ஆழமும் ஊசித் துளையின் தொலைவும் சரியாகப் பிடிபடும். அவர் மீண்டும் தையலில் உட்கார விரும்பினால் அந்தக் காரணம் ஒன்றே போதும்.

அறுவை முடிந்த முதல் சில வாரங்கள்தான் குடும்பத்தார் ஏமாறும் இடம். வைக்கும் லென்ஸ் வழக்கமாகத் தொலைவுப் பார்வைக்கு ஏற்ப இருக்கும். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். அதைப் புண் ஆறி, கண் நிலைப்பட்ட பின்னர், ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான் அளந்து கொடுப்பார்கள். அதற்கு முன்பு ஊசியை எடுத்துப் பார்த்து, "நூல் கோர்க்க வரவில்லை, எல்லாம் வீண்" என்று அவர் தளர்ந்துவிடக் கூடாது. இதை அறுவைக்கு முன்பே சொல்லி வையுங்கள். பழைய கண்ணாடி இனிப் பொருந்தாது, போட்டால் தலை சுற்றும். அந்த நாள்களில் படியேறி இறங்க யாராவது கூடவே இருக்கட்டும்.

சொட்டு மருந்தை யார் போடுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். மனம் சோர்ந்தவருக்கு ஒரு நாளில் பல முறை மருந்து போட வேண்டும் என்பதே மலைப்பாக இருக்கும், விட்டுவிடுவார். சித்தி வீட்டுப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வந்து போட்டால், மருந்தும் தவறாது, வீட்டில் ஆள் நடமாட்டமும் இருக்கும். கண்ணில் வலி கூடினாலும், சிவப்பு ஏறினாலும், தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலும் மறுநாள்வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். மனநலப் பிரிவில் கொடுத்த மாத்திரையை, கண் தெரிகிறது என்ற மகிழ்ச்சியில் நிறுத்திவிடாதீர்கள்; அதை எப்போது நிறுத்துவது என்று அந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறுவைக்குப் போகும்போது, எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அன்று காலை சர்க்கரை மாத்திரையைப் போடலாமா கூடாதா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.